மாஸ்டடானில் முதல் இரண்டு வாரங்கள்

என் பேச்சைக் கேட்டு மாஸ்டடானில் கணக்குத் தொடங்கிய நண்பர்களில் பாதிப் பேர் முதல் நாளே திரும்பிப் போய்விட்டார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "உள்ளே ஒன்றுமே இல்லையே!" அவர்கள் சொன்னது உண்மை. மற்ற சமூக வலைத்தளங்களில் கணக்கைத் திறந்த கையோடு காணொளியும் சண்டையும் விளம்பரமுமாக வந்து கொட்டும். நமக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து எதையாவது ஊட்டிக்கொண்டே இருக்க அங்கே ஒரு மென்பொருள் ஓடுகிறது. மாஸ்டடானின் முகப்பில் அப்படி ஊட்டிவிட யாரும் இல்லை. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் எழுதியதும் பகிர்ந்ததும், எழுதிய வரிசையிலேயே வரும். யாரையும் பின்தொடராதவருக்கு எதுவும் வராது.

அந்த வெற்றுப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. இரண்டு வாரம் கொடுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும்.

எந்த வீட்டில் குடிபுகுவது

மாஸ்டடான் என்று ஒரே ஒரு தளம் கிடையாது. அது 2016இல் யூஜென் ரோச்கோ ஜெர்மனியிலிருந்து வெளியிட்ட திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதைத் தங்கள் சர்வரில், அதாவது இணையத்தோடு இணைந்த தங்கள் கணினியில், நிறுவி நடத்தலாம். அப்படி நிறையப் பேர் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரைத் தாராளமாகப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். மின்னஞ்சலிலும் இதுதானே வழக்கம்? நீங்கள் ஒரு நிறுவனத்தின் அஞ்சலைப் பயன்படுத்துகிறீர்கள், உங்கள் அக்கா இன்னொன்றைப் பயன்படுத்துகிறார், கடிதம் போய்ச்சேர்கிறது. மாஸ்டடான் சர்வர்களுக்கு இடையே கடிதம் கொண்டுபோகும் பொது நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தன் பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது. படங்களுக்கான பிக்சல்ஃபெட், காணொளிகளுக்கான பியர்டியூப் ஆகியவையும் அதே நெறிமுறையைப் பேசுவதால், அங்கிருப்பவர்களையும் உங்கள் மாஸ்டடான் கணக்கிலிருந்தே பின்தொடரலாம்.

சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் பலர் மலைத்து நின்றுவிடுகிறார்கள். மலைக்க வேண்டாம், பின்னால் மாறிக்கொள்ளலாம். ஆனாலும் சேர்வதற்கு முன் அந்த சர்வரின் அறிமுகப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நடத்துபவர் யார், விதிகள் என்ன, எந்தெந்த சர்வர்களோடு அவர்கள் தொடர்பை முறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். விதிகளே இல்லாத சர்வரில் சேராதீர்கள். தொல்லை கொடுப்பவரைப் பற்றிப் புகார் செய்தால் அதைப் படிக்கப்போவது அந்த சர்வரின் நிர்வாகிதான். அவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் உங்கள் அன்றாட நிம்மதியைத் தீர்மானிக்கும்.

ஜாயின்மாஸ்டடான் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் சர்வர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெறும் சர்வர்கள் சில உறுதிமொழிகளை ஏற்றிருக்க வேண்டும்: தினமும் காப்புநகல் எடுக்க வேண்டும், வெறுப்புப் பேச்சை அகற்ற வேண்டும், நிர்வாகி தவிர இன்னொருவரிடமாவது அவசரத்துக்குச் சாவி இருக்க வேண்டும், மூடுவதானால் 3 மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது நல்லது. சில சர்வர்கள் உடனே சேர்த்துக்கொள்ளும். சில, ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்துத்தான் அனுமதிக்கும். அப்படிக் கேட்கும் சர்வர்களில் போலிக் கணக்குகளின் தொல்லை குறைவு என்பது என் அனுபவம். ஒரு நாள் காத்திருப்பது வீண்போகாது.

கணக்கும் சுயவிவரமும்

பயனர்பெயரை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைக் கொண்டே அமைக்க முடியும். பிறகு மாற்றவும் முடியாது. ஆகவே நிதானமாக யோசித்து வையுங்கள். காட்சிப்பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் முழு முகவரியில் பயனர்பெயரும் சர்வர் பெயரும் சேர்ந்தே இருக்கும். யாராவது கேட்டால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே பயனர்பெயர் வேறு சர்வரில் வேறு ஒருவருக்கு இருக்கக்கூடும்.

கணக்கைத் திறந்ததும் யாரையும் பின்தொடர ஓடாதீர்கள். முதலில் ஒரு படம் வையுங்கள், உங்களைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். முகமும் வேண்டாம், உண்மைப் பெயரும் வேண்டாம். எதில் ஆர்வம், எதைப் பற்றி எழுதுவீர்கள் என்பது தெரிந்தால் போதும். படமும் விவரமும் இல்லாத கணக்கு பின்தொடர வந்தால் அது போலியோ என்ற ஐயம் இங்கே பலருக்கும் எழும். உங்களுக்குச் சொந்த வலைத்தளம் இருந்தால் அதன் முகவரியைச் சுயவிவரத்தில் சேர்த்து, அந்தத் தளத்திலிருந்து மாஸ்டடான் கணக்குக்கு அமைப்புகளில் கொடுத்திருக்கும் இணைப்பை வையுங்கள். இரண்டும் பொருந்தினால் முகவரியின் பக்கத்தில் பச்சை அடையாளம் விழும். அதற்குக் காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அமைப்புகளுக்குப் போயிருக்கும்போதே மூன்றைச் செய்துவிடுங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். இடைமுக மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. தேர்ந்தெடுத்தாலும் சில சொற்கள் ஆங்கிலத்திலேயே தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: பதிவிடும் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். ஒவ்வொரு பதிவோடும் அது எந்த மொழி என்ற குறிப்பும் சேர்ந்து போகிறது. எல்லோருடைய பதிவுகளும் வந்துகொண்டிருக்கும் பொது ஓட்டத்தில் தமிழ்ப் பதிவுகள் மட்டும் தெரிந்தால் போதும் என்று வடிகட்டி வைத்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் தமிழில் எழுதிவிட்டு மொழிக் குறிப்பை ஆங்கிலம் என்று விட்டுவைத்தால், உங்களைப் படிக்க ஆசைப்படுகிற அந்த ஆளுக்கே உங்கள் பதிவு தெரியாமல் போகும். எழுதும் பெட்டியின் ஓரத்திலேயே மொழிக் குறி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பதிவு எழுதினால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று ஓட்டங்கள், பல நிரல்கள்

முகப்பு என்பது நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள். இதைத் தவிர இரண்டு பொது ஓட்டங்கள் உண்டு. ஒன்று உங்கள் சர்வரில் இருப்பவர்கள் எல்லோரும் பொதுவில் எழுதுவது. அதைத் தெருத் திண்ணை என்று வைத்துக்கொள்ளலாம். மற்றொன்று உங்கள் சர்வர் அறிந்த பிற சர்வர்களிலிருந்தெல்லாம் வருவது. அது சந்தைக்கடை, எட்டிப் பார்க்கலாம், உட்கார முடியாது. முதல் வாரத்தில் திண்ணையில் அதிகம் இருங்கள். சில சர்வர்கள் இந்த ஓட்டங்களை மூடியும் வைத்திருக்கலாம்.

கணினியில் பார்ப்பவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு. அமைப்புகளில் தோற்றம் பகுதிக்குப் போய், மேம்பட்ட இணைய இடைமுகத்தை இயக்குங்கள். அதுவரை ஒற்றை ஓட்டமாக இருந்த திரை, செய்தித்தாள் பக்கம்போலப் பல நிரல்களாகப் பிரியும். இடது ஓரத்தில் எழுதும் பெட்டி, அதையடுத்து முகப்பு, அதையடுத்து அறிவிப்புகள், கடைசியில் நீங்கள் எதைத் தொடுகிறீர்களோ அது திறக்கும் நிரல். பார்த்ததும் மிரட்டும். எனக்குப் பழக மூன்று நாள் ஆயிற்று; இப்போது ஒற்றை ஓட்டத்துக்குத் திரும்ப மனம் வரவில்லை.

ஒரு நிரலை எப்படி நிலைநிறுத்துவது என்று சொல்கிறேன். 'பறவைகள்' என்ற ஹேஷ்டேகை (# குறியோடு எழுதும் குறிச்சொல்லை) தேடித் திறக்கிறீர்கள். அது கடைசி நிரலில் வந்து நிற்கும். அந்த நிரலின் தலையில் வலப்பக்கம் உள்ள அமைப்புக் குறியைத் தொட்டால் ஒரு சிறு பெட்டி விரியும். அதில் நிரலைக் குத்தி நிறுத்துவதற்கான பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அது உங்கள் திரையில் நிலையாக நின்றுவிடும். மறுபடி அதே பெட்டியைத் திறந்தால் இடம் வலம் நகர்த்த அம்புக்குறிகள் இருக்கும். கூடுதல் ஹேஷ்டேகுகளைச் சேர்க்கும் வசதியும் அங்கேயே உண்டு: ஒரே பொருளைச் சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் குறிப்பார்கள் அல்லவா? அந்த இரண்டையும் ஒரே நிரலில் வரச் செய்யலாம். வேண்டாத குறிச்சொல்லை விலக்கவும் செய்யலாம். இவ்வளவு நுணுக்கமாகத் தன் பக்கத்தைத் தானே அடுக்கிக்கொள்ள வேறு எந்தச் சமூக வலைத்தளத்திலும் எனக்கு வாய்த்ததில்லை.

பதிவுகள் கண்முன்னே ஓடிக்கொண்டிருப்பது தலைசுற்ற வைத்தால், மெதுவான முறையை அமைப்புகளில் இயக்குங்கள். புதிய பதிவுகள் வந்து காத்திருக்கும். நீங்கள் தொட்டால்தான் இறங்கும்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது

பாதியில் திரும்பியவர்கள் எல்லோரும் இங்கேதான் சோர்ந்தார்கள். அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஹேஷ்டேகுகளைப் பின்தொடருங்கள். ஆட்களைப் போலவே ஹேஷ்டேகையும் பின்தொடரலாம். அந்தக் குறிச்சொல்லோடு உங்கள் சர்வரை எட்டும் பொதுப் பதிவுகள் உங்கள் முகப்பிலேயே வரும். ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். 'தமிழ்' என்பது ஒன்றாக இருக்கட்டும்; மீதி உங்கள் உண்மையான ஆர்வங்களாக இருக்கட்டும். தோட்டம், கல்வெட்டு, சதுரங்கம், லினக்ஸ் என்று எதுவானாலும் சரி. அப்படி வரும் பதிவுகளில் நன்றாக எழுதுகிறவர் தென்பட்டால் அவரைப் பின்தொடருங்கள். அவர் யாரைப் பகிர்கிறார் என்று பாருங்கள். அந்த ஆளின் பக்கத்துக்குப் போய் அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். நாளுக்குப் பத்துப் பேர் என்று சேர்த்தால் இரண்டு வாரத்தில் நூற்றைத் தாண்டிவிடும். அந்த அளவு சேர்ந்த பிறகுதான் முகப்பில் உயிர் வந்ததை நான் உணர்ந்தேன்.

பின்தொடரும்போதே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் சுயவிவரப் பக்கத்தில் உங்களுக்கு மட்டும் தெரியும் தனிக்குறிப்பு எழுத இடம் உண்டு. "ஓலைச்சுவடிப் படங்கள்", "பழைய வானொலிகளைப் பழுது பார்ப்பவர்" என்று ஒரு வரி எழுதிவையுங்கள். இரண்டு மாதம் கழித்து, இவரை ஏன் பின்தொடர்ந்தோம் என்று விழிக்க வேண்டியிருக்காது.

தேடலில் ஒருவரைப் போட்டால் கிடைக்கவில்லையா? உங்கள் சர்வருக்கு அவரை இன்னும் தெரியாது, அவ்வளவுதான். அந்த சர்வரில் இருக்கும் யாரும் இதுவரை அவரைத் தேடியதோ பின்தொடர்ந்ததோ இல்லை. அவருடைய முழு முகவரியையும் சர்வர் பெயரோடு தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். சர்வர் போய்த் தேடி அழைத்துவரும். அப்படி வந்த பக்கத்தில் பழைய பதிவுகள் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அவர் எழுதவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். இனி எழுதுவதுதான் உங்கள் சர்வருக்கு வரும். பழையதைப் பார்க்க அவருடைய சொந்த சர்வரில் உள்ள பக்கத்தைத் திறக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு குழப்பம் காத்திருக்கும். அங்கே பின்தொடரும் பொத்தானை அழுத்தினால், கணக்கு இல்லாதவரை நடத்துவதுபோல உங்களை நடத்தும். புதுக் கணக்குத் தொடங்கிவிடாதீர்கள்! நீங்கள் நிற்பது பக்கத்து வீட்டு வாசல். உங்கள் வீட்டின் பெயரைச் சொன்னால், அதாவது சர்வர் பெயரைக் கொடுத்தால், உங்கள் கணக்குக்கே திருப்பி அனுப்பும்.

எழுதத் தொடங்குவது

ஒரு பதிவுக்கு வழக்கமான வரம்பு 500 எழுத்து. சில சர்வர்களில் அதிகமும் உண்டு. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் 23 எழுத்தாகவே கணக்கிடப்படும். முன்பெல்லாம் பதிவுக்கும் அதை வெளியிடும் பொத்தானுக்கும், ஆங்கிலத்தில் ஊதும் ஒலியைக் குறிக்கும் 'டூட்' (toot) என்ற சொல்லே பெயராக இருந்தது. மாஸ்டடான் என்பது யானையை ஒத்த, அழிந்துபோன விலங்கு அல்லவா? தமிழில் பிளிறல் என்று சொல்லிப் பார்த்தால் எவ்வளவு பொருத்தம்! 2022 நவம்பரில் வந்த பதிப்பில் அந்தப் பொத்தானின் பெயரைச் சாதாரணமாக மாற்றிவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

முதல் பதிவு அறிமுகமாக இருக்கட்டும். நீங்கள் யார், எதில் ஈடுபாடு, யாரைத் தேடுகிறீர்கள் என்று எழுதி, 'அறிமுகம்' என்ற ஹேஷ்டேகையும் உங்கள் ஆர்வங்களுக்கான நான்கைந்து ஹேஷ்டேகுகளையும் சேருங்கள். பிறகு அதைச் சுயவிவரத்தில் மேலே குத்திவையுங்கள். இங்கே ஹேஷ்டேக் வெறும் அலங்காரம் அன்று. ஒருவர் தம் பதிவுகளைத் தேடலில் காட்ட ஒப்புக்கொண்டால்தான் அவற்றின் உள்ளே இருக்கும் சொற்கள் பிறர் தேடலில் அகப்படும். அந்த அனுமதி இயல்பில் அணைந்தே இருக்கிறது. ஹேஷ்டேக் போட்டால் அகப்படும். குறிச்சொல்லில் இடைவெளி விட்டால் அங்கேயே முறிந்துவிடும். இரண்டு சொல்லானால் அடிக்கோட்டால் இணையுங்கள்.

பிடித்த பதிவுக்கு விண்மீனைத் தொட்டால் எழுதியவருக்கு மட்டும் ஓர் அறிவிப்பு போகும். அது பதிவை யாருடைய முகப்புக்கும் கொண்டுபோகாது. மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்றால் மறுபகிர்வுப் பொத்தானை அழுத்துங்கள். புதியவர்கள் இதில் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். நல்ல எழுத்து இந்த வலையில் நகர்வதே மறுபகிர்வின் முதுகில்தான்.

படம் இட்டால் அதற்கு விவரணை எழுதுங்கள். கண் தெரியாதவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். 1500 எழுத்து வரை இடம் உண்டு. இரண்டு வரி போதும். "மாலை" என்று மட்டும் எழுதிவிட்டு நகராமல், "ஏரியின் மேல் சூரியன் இறங்குகிறது, கரையில் இரண்டு கொக்குகள்" என்று எழுதுங்கள். விவரணை இல்லாத படத்தைப் பகிர மறுக்கும் நல்ல மனிதர்கள் இங்கே ஏராளம், அவர்கள் செய்வது சரிதான். இன்னொரு மரபு, முன்னெச்சரிக்கை. கதையின் முடிவை வெளிப்படுத்தும் பதிவு, விபத்துச் செய்தி, காயத்தின் படம் போன்றவற்றை ஒரு வரித் தலைப்புக்குக் கீழே மறைத்துவைக்கலாம். விரும்புகிறவர் திறந்து படிப்பார்.

யார் பார்க்கிறார்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் பார்வையாளர் யார் என்று நீங்களே முடிவு செய்யலாம்: எல்லோரும்; பொது ஓட்டங்களிலும் தேடலிலும் சேராமல் எல்லோரும்; பின்தொடர்பவர்கள் மட்டும்; குறிப்பிட்ட சிலர் மட்டும். பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்பதை நம்பி வீட்டு விஷயம் எழுதுவதற்கு முன், பின்தொடர்வோரை நீங்களே அனுமதிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பின்தொடர்ந்து படித்துவிடலாம்.

குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அனுப்பும் தனிச்செய்தியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தோழிக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது ஒருவரைப் பற்றிய பேச்சில் அவருடைய முகவரியை அட் (@) குறியோடு அப்படியே எழுதிவிட்டேன். அனுப்பிய நொடியில் அது அவருக்கும் போய்ச்சேர்ந்தது. இங்கே தனிச்செய்தி என்பது, குறிப்பிடப்பட்டவர்கள் மட்டும் காணும் ஒரு பதிவுதான். யாரைக் குறிப்பிட்டாலும் அவர் உள்ளே வந்துவிடுவார். என் பதிவில் மோசமாக ஒன்றும் இல்லை, ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மூன்றாமவரைப் பற்றி எழுதினால் அட் குறி இல்லாமல் பெயரை மட்டும் எழுதுங்கள். இந்தச் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதும் இல்லை. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். கடவுச்சொல், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை எதையும் இதில் அனுப்பாதீர்கள்.

பதிவைத் திருத்தலாம், பழைய வடிவமும் பிறருக்குத் தெரியும். அழிக்கலாம், ஆனால் அது ஏற்கெனவே வேறு சர்வர்களுக்குப் போயிருக்கும். அழிக்கச் சொல்லி உங்கள் சர்வர் கேட்கும், எல்லா சர்வரும் கேட்டுக்கொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது.

களையெடுப்பு

இரண்டாம் வாரத்தில் முகப்பு நிரம்பத் தொடங்கும், சிலர் நிரப்பிவிடுவார்கள். ஒருவர் எழுதுவது பிடிக்கிறது, பகிர்வதுதான் தாங்கவில்லை என்றால் அவருடைய மறுபகிர்வுகளை மட்டும் மறைக்கலாம். நாளெல்லாம் எழுதுகிறவர்களை ஒரு பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் முகப்பில் வர வேண்டாம் என்று குறிக்கலாம். நேரம் கிடைக்கும்போது தனியாகத் திறந்து படிக்கலாம். ஒரு சொல்லையே வடிகட்டலாம், அதுவும் ஒரு நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ மட்டும் என்று கெடு வைக்கலாம். எல்லோரும் ஒரே விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பேசும் வாரத்தில் இது பெரிய ஆறுதல். தொல்லை கொடுப்பவரைத் தடுங்கள். ஒரு சர்வரே தொல்லையாக இருந்தால் அந்த சர்வரையே உங்கள் அளவில் தடுக்கலாம். அங்கிருந்து உங்களைப் பின்தொடர்பவர்களும் நீங்கிவிடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வீடு மாறுவது

சர்வர் பிடிக்கவில்லையென்றால் வரிசை இதுதான். முதலில் பழைய கணக்கிலிருந்து நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியல், தடுத்தவர்கள், புத்தகக்குறிகள் ஆகியவற்றைக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளுங்கள். புதிய சர்வரில் கணக்குத் திறந்து, பழையதும் உங்களுடையதுதான் என்று அதன் அமைப்புகளில் பதியுங்கள். பிறகு பழைய கணக்குக்குத் திரும்பி, புதிய முகவரிக்கு மாறுவதாக அறிவியுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே புது வீட்டுக்கு வந்து சேர்வார்கள். சற்று நேரம் பிடிக்கும். இறக்கிய கோப்புகளைப் புதிய கணக்கில் ஏற்றுங்கள். எழுதிய பதிவுகள் கூட வராது, அவை பழைய வீட்டிலேயே இருக்கும். ஒருமுறை மாறினால் 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது.

மாறுவதோ தங்குவதோ, பதினான்காம் நாளில் முடிவு செய்யுங்கள். அன்று நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலைத் திறந்து, எழுதிவைத்த தனிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். பத்துக் குறிப்புகளாவது "இவர் இன்று என்ன எழுதியிருப்பார்" என்று பார்க்கத் தூண்டினால், மறுநாளும் திறப்பீர்கள்.